பன்னிரண்டு யானைகளும் ஒரு வாரிசும்

அத்தியாயம் 7

அந்த ஆளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வாரிசு. சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அனுப்புகிற நோட்டீஸின் அடியில் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பான். ஆனால் செத்தவர் யாராயிருந்தாலும் "எங்க பெரியப்பா" என்று முதல் ஆளாகப் போய் நிற்பவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? பழைய பத்திரிகைகளில் வந்த கார்ட்டூன்களைத் தன் குடும்பச் சொத்து என்று சொல்லிக்கொண்டு, அவற்றை எடுத்துப் போட்டவர்களையெல்லாம் மிரட்டுவதுதான் அவன் பிழைப்பு. போன மாதம் ஒரு சலூன்காரர் தன் சுவரில் ஆசையாக வரைந்து வைத்திருந்த பூனையைச் சுண்ணாம்பு அடித்து அழிக்க வைத்தான். அதற்கு முந்தின மாதம் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் கதவு. உலகத்தில் உழைத்துத் திருடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. இவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் திருடுகிறவன்.

இந்தத் தடவை மாட்டிக்கொண்டவர் டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு படப் புத்தகம் தயாரித்திருந்தார். பக்கத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு படம். படம் முழுக்க ஒரே ஆள்தான்: குடை பிடித்த யானை. எப்போதோ நின்றுபோன ஒரு வாரப் பத்திரிகையில் வந்த யானை அது. மூவாயிரம் பிரதி அச்சாகி பைண்டிங் கடையில் கிடந்தது. திங்கட்கிழமை பதினோரு பள்ளிகளுக்குப் போக வேண்டும். வாரிசின் நோட்டீஸைப் பார்த்த பைண்டிங்காரர் பயந்துபோய், உரிமைக்காரர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிரதியும் வெளியே போகாது என்று ஷட்டரை இழுத்துவிட்டார்.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள அவன் ஆபீஸ்ல போய், மொத்தப் புத்தகத்தையும் கிழிச்சுப் போட சம்மதம்னு எழுதிக் குடுக்கணுமாம். இல்லேன்னா கோர்ட்டு. கோர்ட்டுக்குப் போனா புத்தகம் வெளிய வர்றதுக்குள்ள இந்தப் பிள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார் டீச்சர்.

மேடம் பதில் சொல்லவில்லை. மேடம் என்பது துப்பறியும் தொழிலில் என் முதலாளி. எட்டு வருடமாக அவரிடம் உதவியாளனாக இருக்கிறேன்; அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஓட்டைவாய். ஊரில் எல்லோரும் பேசும்போது பேசாமல் இருப்பது அவர் திறமை. அந்தக் குறையை நிரப்புவது என் கடமை.

நானே கேட்டேன். எந்தத் தைரியத்தில் படத்தை எடுத்தீர்கள் டீச்சர்?

டீச்சர் கரும்பலகை முன்னால் நிற்பவர் மாதிரி நிமிர்ந்தார். யார் வரைந்தது என்று தெரிந்த படத்துக்கு, வரைந்தவர் இறந்து அறுபது வருடம் வரை உரிமை. யார் வரைந்தது என்றே தெரியாவிட்டால், படம் வெளியாகி அறுபது வருடம். யானையின் அடியில் பெயர் கிடையாது. வெளியாகி அறுபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. இப்படிச் சொல்லி முடித்து, எனக்கு மதிப்பெண் போடுவது போல் பார்த்தார்.

வாரிசு இதைத்தான் உடைத்திருந்தான். யானையை வரைந்தது தன் பெரியப்பா, அவர் இறந்து இருபது வருடம்தான் ஆகிறது, சொத்தெல்லாம் தனக்கு எழுதிவைத்துவிட்டார் என்பது அவன் வாதம். ஆதாரமாகப் பன்னிரண்டு அசல் ஓவியங்கள் வேறு வைத்திருந்தானாம்.

"அசலா?" என்றார் மேடம். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

வாரிசின் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. அதையும் யாருக்காவது நோட்டீஸ் விட்டு நிறுத்தியிருப்பான். ஐம்பத்தைந்து வயது, சாயம் பூசிய மீசை, விரலுக்கு ஒரு மோதிரம். சுவரில் கண்ணாடி போட்ட பன்னிரண்டு படச் சட்டங்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு குட்டி விளக்கு. பன்னிரண்டிலும் குடை பிடித்த யானை. ஒன்றில் பக்கத்தில் குரங்கு, ஒன்றில் தபால்காரர், ஒன்றில் மழை.

பெரியப்பா வாராவாரம் புதிதாக உட்கார்ந்து வரைவார், தான் பக்கத்தில் உட்கார்ந்து தூரிகை கழுவிக் கொடுத்ததுண்டு என்று அவன் கண் கலங்கச் சொன்னான். அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய படம். ஆளுக்கு வயது ஐம்பத்தைந்து. பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே தூரிகை கழுவப் போயிருக்கிறான், பாவம். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

"பெரியப்பா ஏன் சார் படத்துல பேர் போடல?"

வாரிசு அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலச் சிரித்தான். உட்கார்ந்தபடியே முதல் சட்டத்தின் பக்கம் மோதிர விரலை நீட்டினான்.

"அடக்கம் மேடம், அடக்கம். ஆனா அடையாளம் வெச்சிருக்கார். குடையில எட்டுக் கம்பி. மூணாவது கம்பி மட்டும் பாதியில நிக்குது பாருங்க. பன்னெண்டு படத்துலயும் அப்படித்தான். பத்திரிகையிலயும் அப்படித்தான். இதுதான் எங்க பெரியப்பாவோட கையெழுத்து. வேற எவனுக்கும் இது தோணாது."

"குடை ஒழுகுமே சார்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மேடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவர் யாருக்காவது நன்றி சொன்னால் அந்த ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். அது வாரிசுக்கு எப்படித் தெரியும்?

படியில் இறங்கும்போது வயதுக் கணக்கை எடுத்துவிட்டேன். அதை வைத்து அவனைப் பிடிக்க முடியாது, வேறு படத்தைச் சொன்னேன் என்று நழுவிவிடுவான் என்றார் மேடம். கார் பின் சீட்டில் டீச்சர் யானையை எடுத்த பழைய பத்திரிகைத் தொகுப்பு கிடந்தது. மேடம் அதை மடியில் வைத்து, மெல்லிய டிரேசிங் தாளைப் போட்டு ஒரு யானையைப் பென்சிலால் படியெடுத்தார். பிறகு அந்தத் தாளை அடுத்த வாரத்து யானை மேல் வைத்தார். அப்புறம் அதற்கடுத்த வாரம். அதற்கடுத்த வாரம்.

கோட்டுக்குக் கோடு பொருந்தியது. தும்பிக்கையின் சுருக்கம்கூட இம்மி நகரவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்த யானை காலை மாற்றி வைக்கவே இல்லை. பக்கத்தில் இருக்கும் குரங்கும் தபால்காரரும்தான் மாறினார்கள். எந்த மனிதனாலும் ஒரு யானையை ஐம்பது தடவை இப்படி அச்சு அசலாக வரைய முடியாது.

"ஒரே பிளாக்" என்றார் மேடம். "ஒரு தடவை தகடு செஞ்சு வெச்சுக்கிட்டு, வாராவாரம் அதையே அடிச்சிருக்கான் பத்திரிகைக்காரன். கஞ்சன்."

அதாவது அசல் யானை இருந்திருந்தால் ஒன்றுதான் இருந்திருக்க முடியும். வாரிசிடம் பன்னிரண்டு இருந்தது. பத்திரிகையைப் பார்த்துத் தனித்தனியாக வரைய வைத்திருக்கிறான், அதுவும் ஒரே படத்தைப் பன்னிரண்டு தடவை. போலி செய்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டாமா? ஆனால் இதையும் மேடம் போதாது என்றார். பெரியப்பா முதலில் ஒன்று வரைந்தார், மற்றதெல்லாம் பிறகு ஆசைக்கு வரைந்தார் என்று கதைகட்டுவான். அவன் வாயாலேயே சொன்ன மூன்றாவது கம்பிதான் அவனைக் கட்டும் கயிறு என்று சொல்லிவிட்டு, தொகுப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், அச்சிட்டவர் முகவரி, வெளியிட்டவர் முகவரி, பிளாக் செய்த கடையின் முகவரி.

அந்தக் கடை இன்னும் இருந்தது. பிளாக் போய்விட்டது, இப்போது ரப்பர் ஸ்டாம்ப். ஒரு மேசை, ஒரு விளக்கு, கருகிய ரப்பர் வாடை. மேசையில் குனிந்திருந்தவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரோ ஒரு டாக்டருக்கான வட்ட முத்திரையைத் தாளில் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. நாம் நேராக எழுதுகிற வேகத்தில் அவர் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.

மேடம் பத்திரிகையைக் காட்டினார். பெரியவர் யானையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மூன்றாவது கம்பியைத் தொட்டார்.

"இது நான் கீழ போட்டது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே. கழுவும்போது கை வழுக்கிச் சிமெண்டுத் தரையில விழுந்துடுச்சு. கம்பி நசுங்கிப் போச்சு, அந்த இடத்துல மை ஒட்டாது. கடை அப்பாவோடது, முதுகுல ஒண்ணு வெச்சார். வேற தகடு செய்யலாம்னா பத்திரிகைக்காரர் ஒத்துக்கல. எவன் குடைய எண்ணப் போறான், அப்படியே அடின்னுட்டார்."

வாரிசின் பெரியப்பா வைத்த ரகசியக் கையெழுத்து, பத்தொன்பது வயதுப் பையனின் வழுக்கிய கை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கத் தோன்றியது.

அந்தக் கடையில் ஒரு நல்ல வழக்கம் இருந்திருக்கிறது. தகடு செய்து முடித்ததும் முதல் பிரதியை எடுத்து, தேதி எழுதி, ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள். பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு ஆல்பத்தை இழுத்தார். தேதியோடு யானை இருந்தது. குடையில் எட்டுக் கம்பியும் முழுசாக இருந்தது.

இனி என்ன? பெரியப்பா அவுட். யார் வரைந்தது என்று தெரியாத படம், அறுபது வருடம் தாண்டிய படம், டீச்சர் புத்தகம் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில். ஆர்வத்தில் நான் "அது சரி ஐயா, இதை வரைஞ்சது…" என்று ஆரம்பித்தேன். மேடம் என் காலை மிதித்தார். குதிகாலால், எலும்பு நோக. தெரியாமல் மிதித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆல்பத்தோடு ஒரு அரை மணி நேரம் வந்து, தகடு கீழே விழுந்த கதையை மட்டும் ஒருவரிடம் சொல்ல முடியுமா என்று பெரியவரிடம் கேட்டார். அவர் கடையைப் பூட்டினார். காரில் ஏற்றிக்கொண்டு பறந்தோம்.

மூன்றே முக்காலுக்கு வாரிசின் அறையில் டீச்சர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். எதிரே புத்தகத்தைக் கிழிப்பதற்கான சம்மதக் கடிதம், தட்டச்சு செய்து தயாராக. மேடம் அதைத் தள்ளிவிட்டு ஆல்பத்தை வைத்தார். பெரியவர் தகடு விழுந்ததைச் சொன்னார். மேடம் அதற்குமேல் இரண்டே வரி பேசினார்: மூன்றாவது கம்பி உடைந்தது தகட்டில், படத்தில் இல்லை, அந்த உடைசலைப் பார்த்து வரைந்தவன் பத்திரிகையைப் பார்த்துத்தான் வரைந்திருக்க முடியும்.

வாரிசின் முகத்தில் ஈயாடவில்லை. மோதிரங்களைத் திருகினான். டீச்சர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் பெரியவர் அதற்குள் சுவர்ப் பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவதில் நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன்.

"இது என்ன? யானையா இது? பன்னிக்குத் தும்பிக்கை ஒட்டின மாதிரி இருக்கு. முட்டி எங்க மடங்குது பாரு. என் யானைக்குத் தோள்ல கனம் இருக்கும்யா, குடைய அது தாங்கிப் பிடிச்சிருக்கும். இவன் பாட்டுக்குச் சொருகி வெச்சிருக்கான். நான் போட்டத இப்படியா நாசம் பண்ணுவீங்க?"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போட்டது.

வரைந்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. அவர் செத்து அறுபது வருடம் ஆகவில்லை, செத்தே போகவில்லை. டீச்சர் சொன்ன சட்ட வாதம் முழுசும் பொடிப்பொடியாகிவிட்டது.

வாரிசுக்கு உயிர் வந்தது. முதலில் நம்பாதவன் போல நடித்தான். பிளாக் செய்கிறவர் படம் வரைந்தாராம், இதற்கு என்ன ஆதாரம் என்றான். பெரியவர் சம்மதக் கடிதத்துக்குப் பக்கத்தில் கிடந்த வெள்ளைத் தாளை இழுத்து, சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்தார். நாலு நிமிடம். ஒரு கோட்டையும் அழித்துப் போடவில்லை. வரைந்து தள்ளிய யானை எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. வாரிசு ஹா என்று சிரித்தான்.

"திருப்பிப் போட்டிருக்கார்."

"எனக்கு நேரா வராது" என்றார் பெரியவர். "ஓவியர் அன்னைக்கு வரல. சாயங்காலம் பக்கம் முடிக்கணும்னு பத்திரிகைக்காரர் கடையில வந்து நின்னார். தாள்ல போட நேரமில்ல. தகட்டு மேலயே போட்டேன். தகட்டுல திருப்பிப் போட்டாத்தான் அச்சுல நேரா விழும்."

மேடம் அந்தத் தாளை எடுத்து, மறுபக்கம் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெயில் ஊடுருவியது. அறுபத்திரண்டு வருடத்து யானை அங்கே நின்றது. அதே தும்பிக்கைச் சுருக்கம், அதே தோள், குடையின் கனத்தைத் தாங்குகிற அதே முன்னங்கால். சுவரில் இருந்த பன்னிரண்டும் அதற்கு முன்னால் அசடு வழிந்தன.

மேடம் தாளை இறக்கினார். தன் கட்சிக்கு எதிராக அவர் பேசியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"இவர் பத்திரிகை ஆள் இல்ல. வெளியில அப்பாவோட சேர்ந்து தனியா கடை வெச்சிருந்தவர். உரிமைய யாருக்கும் எழுதிக் குடுக்கல. படம் இன்னைக்கும் இவரோடதுதான்."

அவருக்குக் கடையிலேயே தெரிந்திருக்கிறது. முத்திரையில் கோடு போன விதத்தையும் யானையில் கோடு போன விதத்தையும் பொருத்திப் பார்த்துவிட்டார். பதில் வந்தால் கட்சிக்காரருக்கு ஆபத்து என்பதால்தான் கேள்வியை என் காலோடு சேர்த்து மிதித்தார்.

வாரிசு நாற்காலியை இழுத்துப் பெரியவருக்குப் போட்டான். அவன் எழுந்து நின்றதை அப்போதுதான் பார்க்கிறேன். ஐயா என்றான். அப்பா என்றான். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் பெரியப்பா என்று காலில் விழுந்திருப்பான். ஊரே உங்களை ஏமாற்றியிருக்கிறது, இந்த அம்மாவே மூவாயிரம் பிரதி ஓசியில் அடித்து வைத்திருக்கிறார், எனக்கு எழுதிக் கொடுங்கள், ஒருத்தரையும் விடமாட்டேன் என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். அசிங்கம் என்னவென்றால், ஏமாற்றியது எல்லோரும்தான் என்ற வரையில் அவன் சொன்னது உண்மை.

பெரியவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க யார் வரைஞ்சதுன்னு தேடிப் பார்த்தீங்களா?"

டீச்சர் சட்டம் பேசவில்லை. எழுந்து நின்றார்.

"இல்லீங்க. தேடல. பழசுன்னா செத்தவங்களோடதுன்னு நினைச்சுட்டேன். பிள்ளைங்களுக்குத்தானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்பத்தான் கேக்கறேன். கேக்க முகமில்ல, ஆனாலும் கேக்கறேன்."

டீச்சரின் பையில் இருந்த மாதிரிப் பிரதியைப் பெரியவர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இதை வைத்துப் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று விசாரித்தார். ஒரு வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்தால்தான் பக்கத்தைத் திருப்பலாம், யானை பக்கத்தில் அடுத்து யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் அடுத்த வரியையும் படித்துவிடுவார்கள் என்றார் டீச்சர். பெரியவர் தலையை ஆட்டினார். கிழிப்பதற்கான சம்மதக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மெதுவாக எழுத ஆரம்பித்தார். நேராக எழுத அவருக்கு நேரம் பிடித்தது. இந்தப் புத்தகத்தில் என் யானையைப் போட்டுக்கொள்ளலாம். முன் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டி வரைந்தவர் பெயரைப் போட வேண்டும். கையெழுத்து, தேதி.

டீச்சர் பைண்டிங் கடைக்குப் போன் செய்தார். ஷட்டரைத் தூக்கச் சொன்னார். உரிமைக்காரர் கையெழுத்தே கையில் இருக்கிறது என்று அதட்டினார்.

"என் விஷயம் ஐயா?" என்றான் வாரிசு, இன்னும் குனிந்தபடி.

"அந்தப் பன்னிங்கள எல்லாம் கழட்டு."

கழற்றினான். ஸ்டூல் போட்டு ஏறி, விளக்குகளை அணைத்து, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான். பெரியவர் கடைசிச் சட்டம் இறங்கும் வரை நின்று பார்த்தார். பிறகு ஆல்பத்தை அக்குளில் வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கடையிலயே தெரிஞ்சுடுச்சு இல்ல?"

"ஆமா."

"ஏம்மா கேக்கல?"

மேடம் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர், டாக்டர் முத்திரை பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நாங்கள் பத்து நிமிடம் அங்கேயே நின்று வாரிசை மிரட்டிக்கொண்டிருந்தோம். சலூன்காரருக்கும் காப்பகத்துக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினோம். நான் அவன் மீசையைப் பற்றி இரண்டு ஜோக் அடித்தேன், டீச்சர் சிரித்தார். ஜெயித்த களிப்பு. மேடம்தான் திடீரென்று கேட்டார்.

"அவரை யார் கொண்டுபோய் விடறது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்பது வயதுக்கு மேலானவர். மூன்று மாடி, லிப்ட் இல்லை. எங்களுக்கு வேலை ஆக வேண்டியிருந்தபோது கார்க் கதவைத் திறந்துவிட்டுக் கூட்டி வந்தோம். நான் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். தெருவில் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். எதிர்ப்புற நிறுத்தத்திலிருந்து ஒரு பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்கம் நிற்கிறவர்களின் நெரிசலில், ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஆல்பத்தை அணைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். உட்கார இடம் கிடைக்கவில்லை.